பாலத்துக்கு அந்தப் பக்கம் அது திருமணமா?



2025 ஜனவரி 23-ஆம் தேதி தாய்லாந்தில் ஒரே பாலினத்தவர் திருமணம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதற்கப்புறம் எந்த வகுப்பில் அரசமைப்புப் பாடம் எடுத்தாலும் பின் வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரத்தான் செய்கிறது. "டீச்சர், பாடாங் பெசார் தாண்டிப் போய் அங்க கட்டிக்கிட்டு வந்தா இங்க செல்லுமா?" சில ஆசிரியர்கள் "பாடத்தைப் பாரு" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்ட வேண்டியதில்லை. இது பாடத்துக்கு உள்ளேயே இருக்கிற கேள்விதான். ஓர் இடத்தில் செல்லும் திருமணம் எல்லை தாண்டினால் செல்லுமா என்பது ரொம்பப் பழைய வழக்கு. அதன் வரலாற்றில் நம் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுவோம். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை ஆள்வது 1976-ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம். நடைமுறைக்கு வந்த நாள் 1982 மார்ச் 1. அதன் 104-ஆம் பிரிவு வெளிநாட்டுத் திருமணத்தை மூன்று அளவுகோல்களால் அளக்கிறது. திருமணம் நடந்த நாட்டின் சட்டம் கேட்கும் முறைப்படி அது நடந்திருக்க வேண்டும். மணமக்கள் இருவருக்கும் அவரவர் நிரந்தர வாழிடச் சட்டப்படி மணம் செய்யும் தகுதி இருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது மலேசியக் குடிமகனாகவோ இங்கே நிரந்தர வாழிடம் கொண்டவராகவோ இருந்தால், இருவருக்கும் நம் சட்டப்படியும் தகுதி இருக்க வேண்டும். இதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு, மணமக்கள் ஒருவர் ஆணும் மற்றவர் பெண்ணுமாக இல்லாவிட்டால் திருமணம் செல்லாது என்கிறது. ஆகவே மலேசியர் ஒருவர் ஹாட்யாயிலோ தைப்பேயிலோ ஒரே பாலினத்தவரை மணந்து திரும்பினால், இங்கே சட்டத்தின் கண்ணில் அவர் திருமணமாகாதவர்தான். இதற்கும் மேலே, காலனித்துவக் காலத்திலிருந்து வரும் தண்டனைச் சட்டத்தின் 377-வரிசைப் பிரிவுகள் இங்கே இன்னமும் நடப்பில் இருக்கின்றன.

தேர்வுக்கு இந்தப் பதில் போதும். ஆனால் இந்த மூன்று அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால்தான் கதை சுவாரஸ்யமாகிறது.

முறை ஒன்று, தகுதி வேறு என்று பிரித்த முக்கியமான தீர்ப்பு 1861-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை கொடுத்தது. வழக்கின் பெயர் புரூக் எதிர் புரூக். மனைவியை இழந்த ஓர் ஆங்கிலேயர், இறந்த மனைவியின் தங்கையை மணக்க விரும்பினார். நம் வீடுகளில் இதில் என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். அக்காள் போய்விட்டால், பிள்ளைகளைச் சித்தி பார்த்துக்கொள்வாள் என்று பெரியவர்களே கூடிப் பேசி முடிக்கிற சம்பந்தம் அது. இங்கிலாந்திலோ 1835-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அடியோடு செல்லாததாக்கியிருந்தது. ஆகவே இருவரும் கப்பலேறி, அத்தகைய திருமணத்தை அனுமதித்த டென்மார்க்குக்குப் போய் 1850-இல் மணந்துகொண்டு திரும்பினார்கள். பின்னாளில் சொத்துரிமைக் கேள்வி எழுந்தபோது நீதிமன்றம் சொன்னது இதுதான்: சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்பதை டென்மார்க் முடிவு செய்யலாம், யார் யாரை மணக்கலாம் என்பதை உங்கள் சொந்த ஊரின் சட்டமே முடிவு செய்யும். அந்தத் திருமணம் செல்லாமல் போனது. அதன் பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகள் ஆனார்கள்.

அதன் பிறகு ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் சில, மனைவியின் தங்கையை மணக்கலாம் என்று சொந்தமாகச் சட்டம் இயற்றிவிட்டன. அடிலெய்டில் கணவன் மனைவியாக இருந்தவர்கள் லண்டனில் கப்பலை விட்டு இறங்கியதும் அந்நியர்கள்! ஒரே பேரரசு, ஒரே அரசி, இரண்டு சட்டங்கள். 1906-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முதலில் குடியேற்றங்களில் நடந்த இத்தகைய திருமணங்களை அங்கீகரித்தது. அடுத்த ஆண்டு, 1907-இல், இங்கிலாந்திலேயே அனுமதித்தது. வரிசையைக் கவனியுங்கள். வெளியே நடந்ததை ஏற்றுக்கொண்டது முதலில், உள்ளே அனுமதித்தது பிறகு. பல நாடுகளின் வரலாற்றில் இந்த வரிசையைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

நீரிணைக் குடியேற்றங்களில் நிலைமை வேறு. திருமணம் என்றால் ஒருவனுக்கு ஒருத்திதான் என்று லண்டன் நீதிமன்றம் 1866-இல் ஒரு மோர்மன் வழக்கில் வரையறுத்திருந்தது. சிங்கப்பூர், பினாங்கு நீதிமன்றங்களால் அதை அப்படியே பின்பற்ற முடியவில்லை. பின்பற்றினால் ஊரில் பாதிப் பேருடைய மனைவிமார் மனைவிகளே இல்லை என்றாகிவிடும். 1908-ஆம் ஆண்டின் 'ஆறு விதவைகள் வழக்கு' இதற்குப் பேர்போன சான்று. ஒரு சீனச் செல்வந்தர் இறந்தபின் ஆறு பெண்கள் தாங்கள் அவருடைய விதவைகள் என்று வந்து நின்றார்கள். சீன வழக்கப்படி ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியருக்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. நீதிபதிகளுக்குப் பலதார மணத்தின் மேல் அன்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. விதவையையும் பிள்ளையையும் தெருவில் விட முடியாது என்பதே காரணம்.

ஜொகூருக்கு வருவோம். குளுவாங், சிகாமட், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் எப்படிக் கல்யாணம் செய்தார்கள்? தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள். கங்காணியும் லயத்துக்காரர்களும் சாட்சி. 1982-க்கு முன் அந்தத் திருமணத்தை எங்கும் பதிந்தாக வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் இந்துக்களுக்கு இல்லை. வழக்கப்படி நடந்தது, ஆகவே செல்லும். வழக்கப்படி இரண்டாம் தாரமும் செல்லும்.

இங்கேதான் ஜொகூர்ப் பாலம் கதைக்குள் வருகிறது. சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்து, முஸ்லிம் அல்லாதோரிடையே பலதார மணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வடக்குக் கரையில் அப்படிப்பட்ட சட்டம் வர இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்டு 9 வரை சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆக அந்த இரண்டு ஆண்டுகளில் பாலம் ஒரு மாநில எல்லைதான். ஒரே நாடு, ஒரு கரையில் ஒருதாரச் சட்டம், மறு கரையில் வழக்கம். ஜொகூர் பாருவில் ஒரு வீடும் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு வீடும் வைத்திருந்த ஆண்களைப் பற்றிப் பழைய ஆட்களிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே கதை சொல்வார்கள். அந்தக் கதையில் இரண்டாவது வீட்டுப் பெண் சிரித்திருப்பாளா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொரு வேறுபாடு இன்றும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டுவது நம் பழைய வழக்கம். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடை செய்கிறது. மாமன், மருமகளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் இந்துச் சட்டப்படியோ வழக்கப்படியோ ஓர் இந்து தன் சகோதரி மகளை மணப்பதை இந்தப் பிரிவு தடுக்காது என்று அங்கேயே ஒரு விலக்கு எழுதியிருக்கிறார்கள். தமிழர், தெலுங்கர் வழக்கத்துக்காக வைத்த விலக்கு என்பது படித்த உடனே தெரிகிறது. சிங்கப்பூரில் அப்படிப்பட்ட பொது விலக்கு இல்லை. சாசனத்தின் தடைப் பட்டியலில் வரும் உறவை வழக்கத்தின் பேரில் மணக்க வேண்டுமானால் அமைச்சரின் தனி அனுமதி தேவை. இங்கே உரிமையாக இருப்பது, ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள பாலத்தைத் தாண்டினால் சலுகையாகிவிடுகிறது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன்? 'திருமணம் என்றால் உலகம் முழுக்க ஒன்றுதான், எப்போதும் இப்படித்தான்' என்று கட்டுரையில் எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் குறைப்பேன். அது வரலாறு இல்லை. மாமன் மகளை மணக்கும் நம்மைப் பார்த்து முகம் சுளிக்கும் சமூகங்கள் உலகில் உண்டு. ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்கும் சமூகத்தைப் பார்த்து நாம் சுளிக்கிறோம்.

தமிழ்நாட்டிலும் இதே கேள்வி கசப்பாக வந்து போனது. பெரியாரின் இயக்கம் புரோகிதர் இல்லாமல், தீ வலம் இல்லாமல் சுயமரியாதைத் திருமணங்களை நடத்தியது. 1953-இல் ஒரு சொத்து வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. மாலை மாற்றி வாழ்ந்த ஆயிரக்கணக்கான பெண்களின் நிலை அந்த ஒரு தீர்ப்பில் ஆட்டம் கண்டது. அண்ணா முதலமைச்சரானதும் 1967-இல் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. ஏற்கெனவே நடந்த திருமணங்களும் செல்லும் என்று பின்னோக்கியும் அங்கீகாரம் கொடுத்தார்கள். அதுதான் அதன் பெருமை. ஆனால் அது மாநிலத் திருத்தம். மற்ற மாநிலங்களின் சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு இல்லை.

மாநில எல்லைப் பிரச்சினையை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அங்கே திருமணச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்தின் கையில். 1958-இல் வெர்ஜினியாவைச் சேர்ந்த வெள்ளை இன ஆணும் கறுப்பின வேர் கொண்ட பெண்ணும் வாஷிங்டன் நகருக்குப் போய் மணந்து ஊர் திரும்பினார்கள். இரவில் படுக்கையறையில் வைத்துக் கைது செய்யப்பட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் சேர்ந்து மாநிலத்துக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையில் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 1967-இல் லவ்விங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய தடைச் சட்டங்களை மொத்தமாக நீக்கியது.

ஒரே பாலினத்தவர் திருமணமும் அதே தடத்தில்தான் போனது. 1990-களில் ஹவாயி நீதிமன்றம் அதை அனுமதித்துவிடுமோ என்ற அச்சத்தில், 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் முன்கூட்டியே ஒரு சட்டம் போட்டது: ஒரு மாநிலத்தில் நடந்த இத்தகைய திருமணத்தை மற்ற மாநிலம் ஏற்க வேண்டியதில்லை. 2004-இல் மாசசூசெட்ஸ் முதல் மாநிலமாகத் திருமணங்களைப் பதியத் தொடங்கியது. அதற்கப்புறம் பத்து ஆண்டுகள் வரைபடம் ஒட்டுத்துணி போலத்தான் இருந்தது.

2015 ஜூன் 26-ஆம் தேதி முடிவுக்கு வந்த ஒபர்கெஃபெல் வழக்கின் தொடக்கம் ஒரு தத்துவக் கேள்வி அல்ல. ஓர் இறப்புச் சான்றிதழ். ஒஹாயோவில் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்த இரண்டு ஆண்கள்; ஒருவர் நரம்பு நோயால் சாகக் கிடந்தார். ஒஹாயோ மணம் செய்து வைக்காது. ஆகவே 2013 ஜூலையில் மருத்துவ விமானத்தில் மேரிலாந்துக்குப் பறந்து, ஓடுதளத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே மணந்துகொண்டு திரும்பினார்கள். அவர் இறந்தால் சான்றிதழில் 'மணமானவர்' என்றும் துணைவர் பெயரும் எழுதப்பட வேண்டும் என்பதே கோரிக்கை. எழுத மாட்டேன் என்றது மாநிலம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், எல்லா மாநிலமும் மணம் செய்து வைக்கவும் வேண்டும், வெளி மாநிலத் திருமணத்தை ஏற்கவும் வேண்டும் என்று தீர்ந்தது. 2022 டிசம்பரில் பழைய 1996 சட்டமும் நீக்கப்பட்டது.

ஆசியாவில் என்ன நிலை? 2019 மே 24 முதல் தைவான் அனுமதிக்கிறது. ஆனால் மணமக்களில் ஒவ்வொருவருடைய தகுதியையும் அவரவர் நாட்டுச் சட்டமே தீர்மானிக்கும் என்பது அங்கத்திய விதி. புரூக் வழக்கின் அதே தர்க்கம்தான், பாருங்கள். அதனால் ஒரு தைவானியர் மலேசியரை மணக்க முயன்றால், மலேசியச் சட்டம் இடம் தராது என்பதைக் காட்டித் தைப்பேயிலேயே பதிவு மறுக்கப்பட்டது. நம் 69-ஆம் பிரிவு கடல் தாண்டிப் போய் வேலை செய்திருக்கிறது! 2023 ஜனவரியில்தான் தைவான் அரசு அந்தத் தடையைப் பெரும்பாலான நாட்டவருக்குத் தளர்த்தியது. நேப்பாளம் 2023-இல் உச்ச நீதிமன்ற இடைக்கால உத்தரவின் பேரில் பதிவைத் தொடங்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17-இல் மறுத்துவிட்டது. அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் வேறு திசையில் சில அடிகள் வைத்திருக்கிறது. 2019-இல் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் கோயிலில் நடந்த திருமணத்தைப் பதியச் சொன்னது. இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்றது. 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றம், இரண்டு பெண்கள் பற்றிய ஆட்கொணர்வு மனுவில், குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியல்ல என்று கூறியது.

சிங்கப்பூர் நடுவில் நிற்கிறது. 1996-ஆம் ஆண்டுத் திருத்தம், சிங்கப்பூரிலோ வேறெங்கோ நடந்தாலும் ஆண், பெண் அல்லாதோர் திருமணம் செல்லாது என்று எழுதியது. அதே திருத்தம், அறுவை சிகிச்சை செய்து அடையாள அட்டையில் பாலினம் மாறியவர் அந்தப் புதிய பாலினப்படி மணக்கலாம் என்றும் அனுமதித்தது. 2022 நவம்பரில் 377அ பிரிவை நீக்கிய அதே நாளில், திருமணத்தின் வரையறையை நீதிமன்றம் மாற்ற முடியாதபடி அரசமைப்பில் 156-ஆம் விதியைச் சேர்த்தார்கள். இந்தப் பக்கம் ஜொகூரிலோ, அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றலாமா என்பதற்கே தெளிவான சட்டம் கிடையாது. 2004-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மறுத்தது, 2005-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் இன்னொருவருக்கு அனுமதித்தது.

எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் முஸ்லிம் அல்லாதோர் திருமணம் கூட்டரசுப் பட்டியலில் வருகிறது. முஸ்லிம்களின் குடும்பச் சட்டம் மாநிலப் பட்டியலில். ஜொகூருக்கு 2003-ஆம் ஆண்டின் சொந்தச் சட்டம் இருக்கிறது. பட்டியல் எல்லையைக் காட்ட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? 2021 பிப்ரவரி 25-இல் கூட்டரசு நீதிமன்றம், கூட்டரசுக் குற்றவியல் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஒன்றைக் குற்றமாக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று சிலாங்கூரின் ஷரியா குற்றச் சட்டத்தில் ஒரு பிரிவை நீக்கியது. அந்தச் செயல் சரியா தவறா என்று நீதிமன்றம் பேசவில்லை. யாருக்கு அதிகாரம் என்பதை மட்டுமே பேசியது. விடை எழுதும்போது இந்த வேறுபாட்டைக் கோட்டை விடாதீர்கள்.

இனி நம் பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறேன். அங்கீகாரம் இல்லாத திருமணத்தின் சுமை கடைசியில் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. புரூக் வழக்கின் பிள்ளைகளுக்கு நடந்தது வேறு வடிவில் இங்கேயும் நடக்கிறது. தந்தை மலேசியர், தாய் இந்தியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர். கோயிலில் தாலி கட்டியாயிற்று, "ரெஜிஸ்டர் அப்புறம் பண்ணிக்கலாம்" என்று விட்டாயிற்று. அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை, முறைப்படியான திருமணத்தில் பிறக்காத பிள்ளைக்குக் குடியுரிமை பார்க்கும்போது தந்தைக்குப் பதில் தாயைப் பார்க்கச் சொல்கிறது. தாய் வெளிநாட்டவர் என்றால் பிள்ளை இந்த நாட்டுக்காரன் இல்லை. அப்புறம் மணம் பதிந்தால் சரியாகிவிடுமா? 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தில் வந்த வழக்கில் தந்தை மலேசியர், தாய் பிலிப்பினோ. பிள்ளை பிறந்து சில மாதங்கள் கழித்தே பெற்றோர் திருமணம் பதிவானது. நான்குக்கு மூன்று என்ற கணக்கில் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பு. ஒரே ஒரு நீதிபதி மாறி நினைத்திருந்தால் அந்தப் பையனின் வாழ்க்கை வேறு.

பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்க எல்லாரும் போகும்போது அந்தப் பிள்ளை மட்டும் காரணம் சொல்லிக்கொண்டு நிற்கும். நாம் பெரும்பாலும் கவனிப்பது ஐந்தாம் படிவத்தில், எஸ்.பி.எம். பதிவின்போது. அது ரொம்பத் தாமதம். முதலாம் படிவத்திலேயே, முடிந்தால் தமிழ்ப்பள்ளியிலேயே, பிறப்புப் பத்திரத்தைப் பார்க்கும்போது பெற்றோரைத் தனியாக அழைத்து, பையன் காதில் விழாதபடி கேளுங்கள்.

கேட்க வேண்டியவை எளிமையானவை. இந்தியாவில் நடந்த கல்யாணமா? மலேசியக் குடிமகன் வெளிநாட்டில் மணந்தால் ஆறு மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்திலோ, அதற்குள் ஊர் திரும்பிவிட்டால் திரும்பியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் இங்கேயோ பதிய வேண்டும் என்கிறது 31-ஆம் பிரிவு. தாத்தா பாட்டி தோட்டத்துக் கல்யாணமா? 1982 மார்ச்சுக்கு முன் வழக்கப்படி செல்லுபடியாக நடந்திருந்தால் 4-ஆம் பிரிவு அதைப் பதிவானதாகவே கருதுகிறது; கையில் தாள் வேண்டுமென்றால் 33-ஆம் பிரிவின்படி விருப்பப் பதிவும் செய்யலாம். சேமநிதிப் பணமோ சொக்சோ விதவை ஓய்வூதியமோ கேட்டுப் போகும்போதுதான் பல பாட்டிகளுக்கு அந்தத் தாளின் அருமை தெரிகிறது. சாட்சி சொல்லக்கூடிய கங்காணி அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார். பழைய கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது, படம் எதுவாக இருந்தாலும் வீசிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பின் வரிசை மாணவருக்கு 104-ஆம் பிரிவைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். மூன்று அளவுகோல்களையும் வரிசையாகப் போட்டு, புரூக் தம்பதி, அக்காள் மகளை மணந்த ஜொகூர்த் தாய்மாமன், தைப்பேயில் மறுக்கப்பட்ட மலேசியர் ஆகிய மூவரையும் அதில் ஒவ்வொருவராகப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பாடவேளைக்குச் சரியாக இருக்கும்.